நான்கு மதிப்பெண்

'சிலர் ஏன் பிரார்த்திக்கிறார்கள்? விளக்குக.'
நான்கு மதிப்பெண்.
இருபத்தெட்டுத் தாள்கள்.
ஏடு படிந்த தேநீர்.
ஜன்னலுக்கு வெளியே
வேல்ஸின் தென்கரைக்கென்றே பெய்யும்
படுக்கைவாட்டு மழை.

நான் படித்தது புவியியல்.
பனியாறு மலையை எப்படிச் செதுக்கும், கேளுங்கள், சொல்வேன்.
செப்டம்பரில் ப்ராஸர் கதவருகில் நின்று
"எட்டாம் வகுப்புக்குச் சமயக் கல்வி, வாரம் ஒரு பாடவேளை,
பெட்டியில் எல்லாம் இருக்கிறது" என்றார்.

இருந்தன.
கிளை முறிந்த விளக்குத் தண்டு.
திசைகாட்டி தைத்த தொழுகை விரிப்பு;
அதன் முள் எப்படித் திருப்பினாலும்
மதிய உணவுக்கூடத்தையே காட்டும்.
ஒரு ஜெபமாலை. ஒரு புத்தர்.
புத்தரின் மடியில்
எந்த ஆண்டு மாணவனோ ஒட்டிய சூயிங்கம்.

விடைக்குறிப்பு சொல்கிறது:
காரணத்துக்கு ஒன்று, விரித்துச் சொன்னால் இன்னொன்று,
இரண்டு காரணங்கள் போதும்.

டிரியன்: கடவுளுக்கு நன்றி சொல்ல.
ஒன்று.
சொல்லாவிட்டால் எங்கள் பூனை மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
விரிவாக்கமா இது?
விரிவாக்கம்தான். இரண்டு.

போக்னா: முழங்கால் வலிக்கும்போது
வேறெதையும் நினைக்க முடியாது என்பதால்.
என் பேனா சற்று நேரம்
காற்றிலேயே நின்றது.

ஜஸ்நூர் கேள்வியைத் தொடவே இல்லை.
போன வாரப் படத்தைத் திருத்தியிருக்கிறான்:
'சீப்பு தலைப்பாகைக்குள்ளே இருக்கும், மிஸ்.
புத்தகத்தில் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள்.
அவர் என்ன, முடி வெட்டுகிறவரா?'
விதிப்படி பூஜ்யம்.
போட்டுவிட்டு, பதிப்பகத்துக்குக் கடிதம் எழுத
உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.

கடைசித் தாள் மாக்ஸெனுடையது.
பென்சில். கோட்டைவிட்டுச் சரிந்து இறங்கும் எழுத்து:

'நான் நாலு நாள் செய்தேன். மார்ச்சில்.
யாரிடம் என்று தெரியவில்லை,
அதனால் பெட்டியில் இருக்கும் எல்லார் பெயரையும் சொன்னேன்.
அஞ்சாம் நாள் உலையை அணைத்துவிட்டார்கள்.
அதனால் ஏன் என்று எனக்குத் தெரியாது.
இதற்கு எத்தனை மார்க்?'

பிப்ரவரியில் பார்சிகளின் நெருப்பைப் பற்றிப் பாடம் எடுத்தேன்.
அணையவே விடாமல் தலைமுறைகளாகக் காப்பார்கள் என்றேன்.
சந்தனக் கட்டை, மூச்சுப் படாமல் வாயில் வெள்ளைத் துணி.
பிய்த்து எறிந்த அழிப்பான் துண்டுகள் பறக்கும் வகுப்பு
அன்றைக்கு மட்டும்
ஊசி விழுந்தால் கேட்கும்படி இருந்தது.
நன்றாக எடுத்தேன் என்று
காரில் போகும்போது நினைத்துக்கொண்டேன்.
பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ
உலையில் வேலை என்பது தெரியும்.
தெரிந்தும் தோன்றவில்லை.

பனியாறு விஷயத்தில்
யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

'ஏற்கத்தக்க பிற விடைகள்' என்று
குறிப்பின் அடியில் ஒரு வரி இருக்கிறது.
அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

நான்கு போட்டால் இரக்கம் என்று கண்டுபிடித்துவிடுவான்.
பதின்மூன்று வயது; இரக்கத்தை மோப்பம் பிடிக்கும் மூக்கு
அந்த வயதுக்கு உண்டு.
பூஜ்யம் போட ஆள் நானில்லை.
கடைசியில் குறிப்பையே பிடித்துக்கொண்டேன்:
உலை அணையக் கூடாது, அது காரணம், ஒன்று.
எல்லார் பெயரையும், அது விரிவு, இன்னொன்று.
இரண்டு.

பழக்கத்தில் கை தானாகவே ஓரத்தில்
'இரண்டாவது காரணம் எங்கே?' என்று எழுதிவிட்டது.
பார்த்ததும் காது சூடேறியது.
விரலை எச்சிலில் தொட்டுத் தேய்த்தேன்.

சிவப்பு மை.
பரவியதே தவிர அழியவில்லை.
செவ்வாய்க்கிழமை, ஆறாம் பாடவேளை,
தாளைக் கையில் வாங்குவான்.
கேட்பான்.